இலை எண்ணாத பந்தி

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று ஒரு பழமொழி. சாப்பாட்டு ராமன்களைக் கிண்டல் அடிக்கத்தான் எல்லோரும் இதை எடுத்து விடுவார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பந்திக்கு ஏன் முந்த வேண்டும்? பிந்திப் போனால் பாயசம் தீர்ந்திருக்கும், ரசத்தில் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் என்ற பயம்தானே! ஆக, முந்துகிறவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. இலைக் கணக்குப் போடாமல் அடுப்பு மூட்டிய மகராசனைத்தான் பிடிக்க வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் இந்தக் கணக்கில் கொஞ்சம் கறார். கல்யாண வீட்டில் சமையல்காரர் முதலில் கேட்பது "எத்தனை இலை?" என்பதுதான். மெனு எல்லாம் அப்புறம். நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும் 'புள்ளி' என்று பெயர். ஒன்பது கோயில்களில் எந்தக் கோயிலுக்கு எத்தனை புள்ளி என்று கணக்கு உண்டு. வரி போட்டாலும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். யார் யார் வருவார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் ஒரு காரியத்தில் கை வைப்பது அந்தப் பக்கத்து ஆச்சிகளுக்குப் பிடிக்காத விஷயம்.

இதே ஊரிலிருந்து காமிக் கான் பார்க்கப் போகிற பையனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காமிக் கான் என்றால் தெரியாதவர்களுக்கு: காமிக்ஸ், அனிமே, சூப்பர் ஹீரோ படம், வீடியோ கேம் இவற்றின் ரசிகர்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடும் சந்தை. பாதிப் பேர் நருட்டோ, ஸ்பைடர்மேன் என்று வேஷம் கட்டி வருவார்கள். இந்தியாவில் இது 2011-இல் டில்லியில், தில்லி ஹாட்டில் தொடங்கியது. அப்புறம் மும்பை, பெங்களூர், ஹைதராபாத் என்று சுற்றிவிட்டு சென்னைக்கு வந்து சேர 2024 பிப்ரவரி ஆகிவிட்டது. நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் இரண்டு நாள். பதிமூன்று வருடம் காத்திருந்த தமிழ்நாட்டு ரசிகனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாதிரி விழாக்களுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த ஊர் ஆனாலும் கதை பெரிதாக மாறாது. கேட்டுக்கு ஒரு க்யூ. பையைத் திறந்து காட்ட ஒரு க்யூ. டிக்கெட்டைக் காட்டிக் கையில் பட்டை மாட்ட ஒரு க்யூ. டிக்கெட்டோடு இலவசமாகத் தரும் புத்தகத்தை வாங்க ஒரு க்யூ. கையெழுத்து, போட்டோ, சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி க்யூ. கடைசியில் பாத்ரூமுக்கும் க்யூ (அட்டையிலும் ஃபோமிலும் கவசம் செய்து மாட்டிக்கொண்டு வந்தவனுக்கு அந்தக் கடைசி க்யூ எவ்வளவு கொடுமை என்று அவனைத்தான் கேட்க வேண்டும்). காசு கொடுத்து வாங்கியது நிற்கும் உரிமையைத்தான் போலிருக்கிறது!

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "என்ன பண்றது சார், நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே கிடையாது. கூட்டம்னா இப்படித்தான்." இந்தப் பதில் பொய். சோம்பேறித்தனமான பொய்.

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஒரு ஆளின் பையைச் சோதித்து, டிக்கெட்டை ஸ்கேன் செய்து, கையில் பட்டை ஒட்டி உள்ளே விட 15 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமான ஆட்களாக இருந்தால்தான் அதுவும். ஒரு பாதையில் நிமிடத்துக்கு 4 பேர், மணிக்கு 240 பேர். பத்துப் பாதை திறந்தால் மணிக்கு 2,400. காலை 11 மணிக்குக் கதவு திறக்கிறது, வெளியே 12,000 பேர் நிற்கிறார்கள் என்றால் கடைசி ஆள் உள்ளே போகும்போது மணி 4. இதில் யாரும் முண்டியடிக்கவில்லை, யாரும் குறுக்கே புகவில்லை. ராணுவ அணிவகுப்பு மாதிரி நின்றாலும் ஐந்து மணி நேரம் ஆகத்தான் ஆகும். ஒழுங்குக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை. இது வகுத்தல் கணக்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

இங்கிலாந்தில் விளையாட்டு மைதானங்களுக்கு 'கிரீன் கைடு' என்று ஒரு வழிகாட்டிப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஒரு சுழல் கதவு வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் போவார்கள் என்று கணக்கு வைக்கவே கூடாது என்று அதில் இருக்கிறது. எத்தனை கதவு இருக்கிறதோ அதை வைத்துத்தான் எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். இங்கே தலைகீழ். முதலில் டிக்கெட்டை விற்றுவிடுவார்கள். கதவு எத்தனை என்ற யோசனை அன்று காலையில்தான் வரும்.

இப்போது காரைக்குடிப் பையனைப் பாருங்கள். விடியற்காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் சென்னை போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். அங்கிருந்து நந்தம்பாக்கம் போக ஒன்றரை மணி. மேலே போட்ட கணக்குப்படி அப்போதும் அவனுக்கு முன்னால் 6,000 பேர் நிற்பார்கள். உள்ளே போகும்போது நாலு மணி. சாயங்காலம் ராமேஸ்வரம் வண்டியைப் பிடித்து ஊர் திரும்ப வேண்டும் என்றால் அவனுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒன்றரை. லாட்ஜ் எடுத்துத் தங்க வசதி உள்ளவனுக்கு இரண்டு நாள் திருவிழா. மாதாமாதம் மெஸ் காசில் மிச்சம் பிடித்து டிக்கெட் எடுத்தவனுக்கு ஒரு மணி நேரம். க்யூவுக்குப் பணக்காரன் ஏழை தெரியாது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

"ஒழுங்கில்லாத ஜனம்" என்ற பேச்சுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. அது காரைக்குடியிலேயே இருக்கிறது.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி போகிறது. ஏறக்குறைய 400 வருஷப் பழக்கம். தோளில் காவடி, கூடவே வேல், பின்னால் ஆயிரக்கணக்கான ஜனம். எந்த ஊரில் எந்த வேளை தங்குவது, எங்கே சாப்பாடு, யார் பொறுப்பு என்பதெல்லாம் கிளம்பும் முன்பே முடிவாகியிருக்கும். பழனியில் காவடி செலுத்திவிட்டு நடந்தே திரும்பி வருகிறவர்களும் உண்டு. சாலையில் போகிற கூட்டம், வெயில், பனி, வயதானவர்கள், குழந்தைகள்... இதைவிடக் கஷ்டமான ஈவென்ட் மேனேஜ்மென்ட் உலகத்தில் இருக்கிறதா என்ன? ஏசி ஹாலுக்குள் நாலு சுவருக்கு நடுவே இரண்டு நாள் நடத்துவது இதற்கு முன்னால் எம்மாத்திரம்!

இன்னொன்று கம்பன் விழா. கம்பன் அடிப்பொடி சா.கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தை ஆரம்பித்தார். யோசித்துப் பார்த்தால் அதுவும் ரசிகர் மாநாடுதான். ஒரே ஒரு எழுத்தாளனுக்கு ரசிகர்கள் கூடி, அவன் பாத்திரங்களை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். (வாலியைக் கொன்றது சரியா தப்பா என்ற சண்டைக்கும் கேப்டன் அமெரிக்காவா அயர்ன் மேனா என்ற சண்டைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கம்பன் ரசிகர்கள் கோபப்படாமல் இருக்க வேண்டும்!) வேடிக்கை என்னவென்றால் அதே 1939-இல்தான் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடும் நடந்தது. வந்தது சுமார் 200 பேர். அதில் இரண்டு பேர் எதிர்கால மனிதர்கள் மாதிரி உடை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இன்றைய காஸ்ப்ளேக்கு அவர்கள்தான் பாட்டன் பாட்டி. அங்கே அப்படி, இங்கே சா.கணேசன் கடிகாரத்தைப் பார்த்து விழா நடத்தினார். சொன்ன நேரத்துக்கு ஆரம்பம், சொன்ன நேரத்துக்கு முடிவு என்பதில் அவர் காட்டிய கண்டிப்பைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். நிகழ்ச்சி நேரத்தில் நடந்தால் கூட்டம் தானாகப் பிரிந்து வரும். எப்போது என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் எல்லோரும் காலையிலேயே வந்து வாசலில் நிற்பார்கள். இவ்வளவுதான் சூட்சுமம்.

காமிக்ஸ் உலகத்திலேயே உதாரணம் வேண்டும் என்றால் சிவகாசிக்குப் போகலாம். காரைக்குடியிலிருந்து சென்னையைவிடப் பக்கம். முத்து காமிக்ஸ் 1972-இலிருந்து, லயன் காமிக்ஸ் 1984-இலிருந்து. இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காட்டியவர்கள். சந்தா கட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கிறார்கள், சில ஸ்பெஷல் புத்தகங்களை முன்பதிவு பார்த்துத்தான் அச்சடிக்கிறார்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் வாசகர் சந்திப்பு நடக்கிறது. அங்கே ஹாலிவுட் நட்சத்திரம் கிடையாது, ஸ்பான்சர் பலூன் கிடையாது. ஆனால் ஒரு வாசகன் எடிட்டரிடம் நேராக நின்று "டெக்ஸ் வில்லருக்கு ஏன் இத்தனை பக்கம்?" என்று சண்டை போட முடிகிறது. இது சின்னக் கூட்டம், அதனால் சுலபம் என்று சொல்லலாம். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எத்தனை பேருக்குப் பந்தி என்று தெரிந்துகொண்டு அடுப்பு மூட்டும் பழக்கத்துக்குச் சின்னது பெரியது கிடையாது.

அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் மறக்க முடியாத பாடம் 2023 செப்டம்பர் 10. ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி, ஈ.சி.ஆர். பக்கம் ஆதித்யராம் பேலஸ் சிட்டியில். ஆகஸ்டில் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய் அன்று நடந்தது. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் கேட்டுக்கே போக முடியாமல் திரும்பினார்கள். உள்ளே போனவர்களில் பலர் மூச்சுத் திணறி வெளியே வந்தால் போதும் என்று ஓடினார்கள். குழந்தைகள் கை தவறிப் போனார்கள், பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் புகார்கள் வந்தன. ஈ.சி.ஆர். முழுக்க வண்டிகள் நின்றன, முதலமைச்சரின் கார்கூட மாட்டிக்கொண்டது. அனுமதி வாங்கியது 20,000 பேருக்கு, வந்தது அதைவிடப் பல ஆயிரம் அதிகம் என்று போலீஸ் விசாரணைக்குப் பிறகு செய்தி வந்தது. நிகழ்ச்சியை நடத்திய ஏ.சி.டி.சி. ஈவென்ட்ஸ் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டது. ரஹ்மானும் வருத்தம் தெரிவித்து, உள்ளே வர முடியாதவர்களை டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார். போலீஸ் அதிகாரிகள் மாற்றப்பட்டார்கள்.

அன்றைக்கு அங்கே வந்த ஜனம் யார்? ரவுடிகளா? குடும்பம் குடும்பமாக வந்த, சின்ன வயதிலிருந்து ரஹ்மான் பாட்டுக் கேட்டு வளர்ந்த மத்தியதர வர்க்கம். தியேட்டரில் சீட் நம்பர் பார்த்து உட்காருகிற அதே ஜனம்தான். சீட்டைவிட டிக்கெட் அதிகம் என்றால் எந்த ஜனத்துக்கும் இதே கதிதான்.

அதன் பிறகாவது திருந்தினார்களா? 2024 அக்டோபர் 6, மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. உச்சி வெயிலில் லட்சக்கணக்கான ஜனம், முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப, ரயிலும் இல்லை பஸ்ஸும் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. ஐந்து பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 8, திருப்பதி. வைகுண்ட ஏகாதசி தரிசனத்துக்கு டோக்கன் கொடுக்கும் இடத்தில் நெரிசல், ஆறு பேர் இறந்தார்கள். கவனியுங்கள், தரிசனக் க்யூவில் இல்லை. க்யூவில் நிற்க டோக்கன் வாங்கும் க்யூவில்! 2025 ஜூன் 4, பெங்களூர் சின்னசாமி மைதான வாசலில் 11 பேர். 2025 செப்டம்பர் 27, கரூரில் விஜய்யின் கட்சிக் கூட்டத்தில் 41 பேர். நண்பகலுக்கு வருவார் என்று காலையிலிருந்து நின்ற கூட்டம், அவர் வந்தது இருட்டிய பிறகு.

காமிக் கானோடு இதையெல்லாம் சேர்ப்பது அதிகப்படி என்று தோன்றலாம். உயிர்ப்பலி வேறு, கால் கடுக்க நிற்பது வேறு என்பது வாஸ்தவம். ஆனால் இரண்டுக்கும் ஒரே வேர். கூட்ட நெரிசலில் ஜனம் எப்படிச் சாகிறது என்று பேப்பரில் எழுதுவதைப் பாருங்கள்: "முண்டியடித்து ஓடியதில் மிதிபட்டு" என்று இருக்கும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இதை ஆராய்ந்தவர்கள் சொல்வது, ஒரு சதுர மீட்டரில் நாலு ஐந்து பேர் வரை நிற்கலாம், நகரலாம். ஆறு, ஏழு ஆனால் தனி மனிதன் என்று யாரும் இல்லை, கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்க ஆரம்பிக்கும். நெஞ்சு விரிய இடமில்லாமல் நின்ற நிலையிலேயே மூச்சு அடைத்துச் சாகிறார்கள். பின்னால் இருப்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது, அவன் ஒரு அடி எடுத்து வைக்கிறான். அவ்வளவுதான். (ஒரு சதுர மீட்டர் என்பது திண்ணையில் ஒரு ஆள் தாராளமாகச் சம்மணம் போட்டு உட்காரும் இடம். அதில் ஏழு பேரை நிறுத்திக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.)

கண்காட்சி ஹாலில் இது எங்கே நடக்கும்? பெரிய கம்பெனி ஸ்டாலை வாசலுக்கு நேரே வைத்து, இலவசமாக டி-ஷர்ட் வீசுகிற இடத்தில். காசு அதிகம் கொடுத்த ஸ்பான்சருக்கு முகப்பு வேண்டும். முகப்பில் கூட்டம் நின்றால் பின்னால் வருகிறவனுக்கு வழி இல்லை. ஹாலின் கடைசி மூலையில், சொந்தமாகப் படம் வரைந்து ஐம்பதுக்கும் நூறுக்கும் விற்க மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் இளம் ஓவியர் அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். காமிக்ஸ் விழாவில் காமிக்ஸ் வரைகிறவனைத்தான் ஜனம் கடைசியாகப் பார்க்கிறது, பார்க்கும்போது பர்ஸும் காலும் காலியாகியிருக்கும்.

தேசியக் கட்டட விதித் தொகுப்பு என்று ஒன்று 2016-இல் திருத்தி வெளியிடப்பட்டது. இருக்கை போடாத கூடும் இடங்களுக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவு சதுர மீட்டர் என்று கணக்கு வைத்துத்தான் வெளியேறும் வழிகளைத் தீர்மானிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பேச்சுக்கு ஆளுக்கு 1.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 6,000 சதுர மீட்டர் ஹாலில் ஒரே நேரத்தில் 4,000 பேர். இந்த எண்ணை வாசலில் போர்டு எழுதி மாட்டினால் என்ன குறைந்துவிடும்? லிஃப்டில் "8 ஆட்கள்" என்று எழுதுகிறார்கள், டவுன் பஸ்ஸில்கூட எத்தனை பேர் நிற்கலாம் என்று எழுதியிருக்கிறது (யாரும் மதிப்பதில்லை என்பது தனிக் கதை). ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்கும் ஹாலில் அந்த எண் எங்கே?

எழுத மாட்டார்கள். ஏனென்றால் டிக்கெட் விற்பது பாதி வியாபாரம்தான். மீதி வியாபாரம் 'ஃபுட்ஃபால்'. இத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்ற எண்ணைத்தான் அடுத்த வருடம் ஸ்பான்சரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அந்த எண்ணுக்கு மேல் வரம்பு போட எந்த வியாபாரிக்கு மனசு வரும்? வாசலில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வெயிலில் நிற்கிற கூட்டத்தைப் படம் எடுத்து "அமோக வரவேற்பு!" என்று அவர்களே போடுகிறார்கள். ஹோட்டல்காரன் தன் சாம்பாரில் விழுந்த ஈயைப் போட்டோ எடுத்து விளம்பரம் செய்வானா? க்யூவுக்கு மட்டும் அந்த வெட்கம் இல்லை. நிற்கிறவனின் நேரம் நடத்துகிறவனின் கணக்குப் புத்தகத்தில் செலவாக வருவதில்லை, அதுதான் காரணம்.

இதில் இன்னொரு கூத்து, கூடுதல் காசுக்குத் தனி டிக்கெட். கோயில்களில் சிறப்பு தரிசனம் என்று ஒன்று இருக்கிறதே, அதேதான். பொது க்யூ மெதுவாகப் போகப் போகத்தான் சிறப்பு டிக்கெட்டுக்கு மவுசு. ஆக, பொது க்யூவைச் சீர் செய்தால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நோயையும் மருந்தையும் ஒரே கடையில் விற்கிறார்கள்.

வெளிநாட்டில் மட்டும் எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சான் டியாகோ காமிக் கான் 1970-இல் ஆரம்பித்தது. ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் ஜனம் வருகிறது. அங்கே 'ஹால் ஹெச்' என்று ஒரு பெரிய மண்டபம், ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கை. மார்வெல் அறிவிப்பெல்லாம் அங்கேதான். ஒரு நிகழ்ச்சி முடிந்தால் ஹாலைக் காலி செய்ய மாட்டார்கள். அதனால் சாயங்கால நிகழ்ச்சிக்கு இடம் பிடிக்கக் காலையிலேயே உள்ளே போய்ச் சம்பந்தமில்லாத நிகழ்ச்சிகளுக்கெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதாவது தேவலை, இங்கே அடுத்த பந்திக்காரன் இந்தப் பந்தியிலேயே உட்கார்ந்திருக்கிறான்! முதல் நாள் ராத்திரியே பிளாட்பாரத்தில் பாய் விரிக்க ஆரம்பித்தது கூட்டம். கடைசியில் 2014-இல் முந்தின நாளே கைப்பட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். பட்டை இருந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் போய்த் தூங்கு. பிரச்சினை தீரவில்லை, பட்டைக்கு ஒரு க்யூ வந்தது. ஆனால் எத்தனை இருக்கையோ அத்தனை பட்டை என்ற நேர்மை வந்தது. அது பெரிய விஷயம்.

நியூயார்க்கில் 2013-இலிருந்து பேட்ஜுக்குள் சில்லு வைத்தார்கள். உள்ளே போகும்போது தட்ட வேண்டும், வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். அந்த 'வெளியே வரும்போதும்' என்பதுதான் முக்கியம். இப்போது உள்ளே எத்தனை பேர் என்று எந்த நிமிடமும் தெரியும். (முதல் வருடம் அந்த பேட்ஜே ஜனங்களின் ட்விட்டர் கணக்கில் அவர்களைக் கேட்காமல் விளம்பரம் போட்டு மானம் போனது. நல்ல காரியத்திலும் ஒரு திருட்டுத்தனம்!)

ஆனால் பார்க்க வேண்டியது டோக்கியோவின் காமிக்கெட். ரசிகர்கள் தாங்களே வரைந்த புத்தகங்களை விற்கும் சந்தை. 2019 கோடையில் நான்கு நாளில் 7,30,000 வருகைகள். நடத்துவது பெரும்பாலும் தொண்டர்கள். அங்கே ஒரு சின்னப் பழக்கம் இருக்கிறது. ஒரு மேஜை முன்னால் க்யூ நீண்டால், க்யூவின் கடைசியில் நிற்கிற ஆள் கையில் "இதுதான் கடைசி" என்று எழுதிய அட்டையைப் பிடித்திருப்பார். அடுத்து வருகிறவர் அந்த அட்டையை வாங்கிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான். அட்டைக்குச் செலவு பத்து ரூபாய் ஆகுமா? எது எந்தக் க்யூ என்று தெரியாமல் ஒரு மணி நேரம் நின்று, கடைசியில் அது வேறு ஸ்டால் க்யூ என்று தெரிந்து தலையில் அடித்துக்கொள்கிற கொடுமை அங்கே இல்லை. கொரோனாவுக்குப் பிறகு, 2021 டிசம்பரிலிருந்து, முன்கூட்டியே டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் என்று எண்ணிக்கையையும் குறைத்து நடத்தினார்கள். சந்தை செத்துப் போகவில்லை.

வரம்பு வைத்தால் டிக்கெட் பிளாக்கில் போகும், விலை ஏறும், சின்ன ஊர்ப் பையனுக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று ஒரு வாதம் உண்டு. இது நியாயமான பயம். சான் டியாகோவில் வருடா வருடம் ஆன்லைனில் முயற்சி செய்து கிடைக்காமல் போகிறவர்கள் ஏராளம். ஆனால் அங்கே டிக்கெட் பெயர் போட்டு வருகிறது, கை மாற்ற முடியாது, யாருக்கு முதலில் வாய்ப்பு என்பதைக் குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. கிடைக்காதவன் வீட்டிலேயே ஏமாந்துவிடுகிறான். 400 கிலோமீட்டர் ரயிலேறி வந்து, நந்தம்பாக்கம் வெயிலில் நின்று ஏமாறுவதைவிட இது எவ்வளவோ மேல். தவிர, டிக்கெட்டைக் காலை, மதியம், மாலை என்று மூன்றாகப் பிரித்து விற்றால் அதே ஹாலில் அதே அளவு ஜனம் நெரிசல் இல்லாமல் வந்து போகலாம். பல்லவனில் வருகிறவன் மதிய டிக்கெட் எடுப்பான். காசும் குறைவு. இதைச் செய்யப் பெரிய மூளை வேண்டாம். முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று இலை போடத் தெரிந்த எந்த வீட்டு ஆச்சியும் செய்வார்.

"கூட்டம்தான் சார் திருவிழாவுக்கு அழகு" என்பது கடைசி வாதம். அழகுதான், மறுக்கவில்லை. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதில் இருக்கிற பரவசம் டிவியில் வராது. அதே ஆற்றில் 2022 ஏப்ரலில் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தவிர, அழகரைப் பார்க்க யாரும் டிக்கெட் விற்கவில்லை. வருகிறவரை வராதே என்று சொல்ல முடியாது, அதனால் அங்கே எண்ணுவது கஷ்டம். இங்கே ஒவ்வொரு தலைக்கும் காசு வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவர் பெயரும் போன் நம்பரும் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை" என்று அறிக்கை விடுகிறார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? விற்ற டிக்கெட்டை எண்ணத் தெரியாதா? ஒவ்வொரு முறையும் இந்த "எதிர்பார்க்கவில்லை"யைப் பேப்பர்காரர்களும் அப்படியே போடுகிறார்கள். எத்தனை டிக்கெட் விற்றீர்கள், எத்தனை பேருக்கு அனுமதி என்று இரண்டே இரண்டு கேள்வியைத் திருப்பிக் கேட்பதில்லை.

கேட்க வேண்டியது டிக்கெட் வாங்கினவன்தான் போலிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளோ சேவையோ வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிகழ்ச்சி நடந்த ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, மனுவை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். காரைக்குடிப் பையனுக்கு அது சிவகங்கை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். டிக்கெட்டையும் ரயில் டிக்கெட்டையும், வாசலில் நின்றபோது மணி தெரியும்படி எடுத்த போட்டோவையும் பத்திரமாக வைத்திருந்தால் போதும். அங்கேயும் ஒரு வரிசை இருக்கும், ஆனால் அதில் நம்பர் போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.